அசைஞ்சாதான் வெளிச்சம்

"போச்சு! மறுபடியும் அணைஞ்சிடுச்சா?" தேவேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, தன் பழைய பட்டுக்கடைக் கட்டடத்துக்குப் போன வாரம்தான் சென்சார் லைட் போட்டிருந்தார். விற்கிறவர் நிற்கும் இடத்தில் ஆள் அசைந்தால் எரியும். அசையாமல் நின்றால் அணைந்துவிடும்.

எதிரே, முகூர்த்தப் புடவை எடுக்கத் தென்னேரியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். மாமியார் கிருஷ்ணவேணி, அவளுடைய பெரிய நாத்தனார், நடுவே வாயே திறக்காத கல்யாணப் பெண் ரேவதி.

"எங்க வழக்கம் அரக்குதான்," என்றாள் நாத்தனார்.

"அண்ணி பேச்சுக்கு மறுபேச்சு ஏது?" என்றாள் கிருஷ்ணவேணி.

விற்பனைக்கு நின்ற சங்கரி, அரக்குப் புடவையைப் பெண்ணின் தோளில் போட்டுவிட்டுக் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றாள். குப்பென்று இருட்டு.

"கையை ஆட்டு, சங்கரி!"

ஆட்டினாள். எரிந்தது. திரும்பவும் அரக்கு, திரும்பவும் இருட்டு.

"அபசகுனம்!" நாத்தனார் எழுந்தேவிட்டாள்.

"ஐயோ, அது கரண்டு மிச்சம் பண்ற லைட்டும்மா!"

"முகூர்த்தப் புடவையில என்னய்யா மிச்சம்?"

கைக்கு வந்த வியாபாரம் போகிறதே என்று தேவேந்திரன் அவளை உட்காரச் சொல்லிக் கெஞ்சினார்.

சங்கரி சட்டென்று கிளிப்பச்சையை விரித்தாள். கொண்டையைச் சரிசெய்தாள், முந்தானையால் விசிறிக்கொண்டாள், சும்மாவே நாலு புடவையை மடித்தாள். லைட் ஜம்மென்று எரிந்தது.

"இதையே கட்டிக் குடு. வெளிச்சம் நிக்குது பாரு!" என்றாள் நாத்தனார்.

அவர்கள் படியிறங்கியதும் தேவேந்திரன் பாய்ந்தார். "அரக்கு ரெண்டு மடங்கு விலை! கொஞ்சம் அசைஞ்சா கொறைஞ்சா போயிடுவ?"

"அந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து பச்சையையே பார்த்துக்கினு இருந்துச்சு மொதலாளி. பெரியவங்க எதிர்ல அதால வாய் தொறக்க முடியுமா? அதான் வேணும்னே அசையாம நின்னேன்."

"அடிப்பாவி! மாமியார்காரிக்குத் தெரிஞ்சா கடையையே ரெண்டாக்கிடுவாங்க!"

பின்னால் செருமல் கேட்டது. மறந்துவிட்ட பையை எடுக்க வந்த கிருஷ்ணவேணி வாசலில் நின்றிருந்தாள். தேவேந்திரன் அவசரமாகப் பையை எடுத்து நீட்டினார்.

அவளோ நேராகப் போய்ச் சங்கரியின் கன்னத்தைத் தட்டினாள்.

"எங்க ஆபீஸ்லயும் இதே லைட்டுதாம்மா. அண்ணி எதிர்ல நான் மட்டும் வாய் தொறக்க முடியுமா? நீ எங்க அசைஞ்சிடுவியோன்னுதான் பயந்துக்கினே இருந்தேன்!"