மரியபுஷ்பத்தின் கடைசி அத்தியாயம்

வார்டு வாசலிலேயே காத்து நின்றார் நேசையன்.

ஜெயஷீலா பையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தாள். மொத்தம் பன்னிரண்டு பக்கம். அவர் அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். பிறகு உள்ளே கூட்டிப்போனார்.

மரியபுஷ்பத்தின் கதை அவள் சொந்தமாக எழுதி அச்சடித்த முதல் நாவல். ஆரியசாலை டி.டி.பி. கடையில் வேலை முடிந்த பிறகு தானே டைப் செய்து, இருநூறு பிரதி போட்டாள். சொந்தக்காரர்களும் சபைக்காரர்களும் வாங்கினார்கள். மீதியில் ஐந்தை, எல்லை தாண்டி இந்த ஆஸ்பத்திரிக்கு வரும் தமிழ்க்காரர்கள் தங்கும் லாட்ஜில் வைத்துவிட்டு வந்தாள்.

பின்னட்டையில் தன் போன் நம்பரைப் போட்டிருந்தாள். பதினான்கு மாதமாக யாரும் கூப்பிடவில்லை.

முந்தாநாள் நேசையன் கூப்பிட்டார். மார்த்தாண்டம் பக்கம் வாழை விவசாயி. மனைவி செல்லபாய் இங்கே சிகிச்சையில் இருக்கிறாள். தினமும் மத்தியானம் அவளுக்கு நாவலை வாசித்துக் காட்டுகிறார். கடைசி அத்தியாயத்துக்கு வந்தவர் முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிட்டார்.

கதையில் மரியபுஷ்பம் செத்துப்போகிறாள். செல்லபாய்க்கு வந்திருக்கும் அதே நோயில்.

"இதை நான் எப்பிடி அவளுக்கு வாசிச்சுக் குடுக்க, மேடம்? கொஞ்சம் மாத்தி எழுதித் தருவியளா?"

மூன்று வருடம் யோசித்து எழுதிய சாவு. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். போனில் அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாற்றி எழுதினாள். அதே எழுத்து, அதே அளவுத் தாள், பக்க எண்கூட மாறவில்லை. புதிய அத்தியாயத்தில் மரியபுஷ்பம் குணமாகி பஸ் ஏறுகிறாள்.

கதை எழுதினவள் பார்க்க வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, நேசையன் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு வாசித்தார். செல்லபாய் கண்களை மூடிக் கேட்டாள். மரியபுஷ்பம் வீட்டு வாசலில் இறங்கிய இடத்தில் அவர் குரல் உடைந்தது. வெந்நீர் வாங்கி வருவதாகச் சொல்லி, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

செல்லபாய் கண்ணைத் திறந்தாள். ஜெயஷீலாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அவரு போன வாரம் வாழைக்குத் தண்ணி விட ஊருக்குப் போனாருல்லா, அன்னைக்கே நான் முழுசும் வாசிச்சு முடிச்சுட்டேன், மக்களே. நீ முதல்ல எழுதினதுதான் சரி. நல்லா எழுதியிருக்கே."

ஜெயஷீலா ஸ்டூலில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினாள்.

தாழ்வாரத்தில் நேசையனின் செருப்புச் சத்தம் கேட்டது. செல்லபாய் குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டுக்குப் போன பொறவு அவ என்ன செய்தான்னு இன்னும் கொஞ்சம் எழுதிக் கொண்டு வா. அவரு வாசிக்கட்டு."