செவ்வாய்க்கிழமைச் சத்தம்

"இனிமே இந்த மொன்றியல்ல எந்தத் துப்பாக்கியும் எனக்குத் தெரியாம வெடிக்க முடியாது, அக்கா."

மகிழன் இதைச் சிரிக்காமல் சொன்னான். சென்னையிலிருந்து கனடாவுக்குப் படிக்க வந்தவன், இப்போது துப்பாக்கிச் சூட்டு விவரங்களைத் திரட்டும் போலீஸ் திட்டமொன்றில் வேலை பார்த்தான். கையில் புத்தம்புது டேப்லெட்.

மொன்றியலின் வில்லரே பகுதியில் 'டெப்பனர்' எனப்படும் சின்ன மூலைக்கடை நடத்தும் யாழ்ப்பாணத்துத் தாட்சாயினி, பொரித்த ரோல்ஸை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் யாராவது காயம்பட்டாதான் குறிப்புல ஏறும். இனி சத்தம் கேட்டவங்களே நேரம், திசை, எத்தனை தடவைன்னு சொல்லணும். போன செவ்வாய்க்கிழமை உங்க பின்சந்துல ஒன்பது தோட்டா உறை கிடந்துச்சு. தெருவுல நாற்பது வீடு. எத்தனை பேர் போன் பண்ணாங்க?"

"எத்தினை பேர்?"

"ஒருத்தர்கூட இல்ல! கேட்டா, பட்டாசுன்னு நினைச்சாங்களாம். பிப்ரவரி பனியில தீபாவளியா, அக்கா?"

"சொன்னா, பேந்து கோர்ட்டுக்கு வா எண்டுவாங்கள், தம்பி. கடையை ஆர் பாக்கிறது?"

"இந்தப் பயம்தான் நம்ம ஆளுங்களைக் கெடுக்குது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள இந்தத் தெருவுல ஒரு சாட்சியாவது பதிவாகலைன்னா திட்டத்தை மூடிடுவாங்க. என் வேலையும் போச்சு."

பார்க்கப் பாவமாக இருந்தது. தாட்சாயினி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, எழுதும். பின்னேரம் ஆறு இருவது. சந்துப் பக்கம். எட்டுத்தான் எண்ணினன். ஒன்பதாவதுக்குக் காதைப் பொத்தீட்டன்."

மகிழன் துள்ளாத குறை. "தெய்வம் அக்கா நீங்க! கடைசியா ஒண்ணு. அப்ப கடையில வேற யாராவது இருந்தாங்களா? அவங்களும் கையெழுத்துப் போடணும். அப்பதான் பதிவாகும்."

"ஓம், ஒருத்தர் நிண்டவர். தொப்பியும் மஃப்ளரும். கண் மட்டும்தான் தெரிஞ்சது. சத்தம் கேட்டதும் பால் பெட்டிக்குப் பின்னால குந்திக்கொண்டு, 'பட்டாசுதான்க்கா, யாருக்கும் போன் பண்ணாதீங்க' எண்டார்."

மகிழனின் விரல் அப்படியே நின்றது.

"ஆள்... அடையாளம் தெரியாதுல்ல?"

"முகம் தெரியேல்லைத்தான்." தாட்சாயினி சூடான ரோல் ஒன்றை அவனிடம் நீட்டினாள். "ஆனா, தம்பி, உம்மட குரலை மஃப்ளரால மூடேலாது."

ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. மகிழன் ரோலைக் கடித்தபடியே அவள் சொன்னதையெல்லாம் அழித்தான்; பிறகு 'பட்டாசுச் சத்தம்' என்ற கட்டத்தை மெதுவாகத் தொட்டான்.