முதலில் தண்ணீர்

"உட்காருங்கம்மா" என்று சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

சமையல்காரம்மா திரும்பிப் பார்த்தார். கையில் பாதி நறுக்கிய பீன்ஸ். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சமைக்கிறார். அந்த நாற்காலியைத் தினமும் துடைப்பார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன்.

அது என் பழைய வழக்கம். கம்பெனியில் ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் என் வேலையாக இருந்தது. கடைசி இரண்டு வருஷத்தில் சேர்ப்பது நின்றுபோய் அனுப்புவது மட்டும் மிஞ்சியது. ஒவ்வொருவரையும் என் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, முதலில் தண்ணீர் கொடுப்பேன். அப்புறம்தான் பேச்சு. பத்தொன்பது பேர்.

இருபதாவது ஆளாக என்னையே அனுப்பினார்கள். எனக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. மெயில் வந்தது, அவ்வளவுதான்.

நான்கு மாதமாகிறது. காரை விற்றாகிவிட்டது. பேப்பர் நின்றுவிட்டது. கரண்ட் பில்லுக்குப் பயந்து எல்லோரும் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்குக் கீழே இருக்கிறோம். "ரயில்ல போற மாதிரியே இருக்குப்பா" என்று சிரிக்கிறாள் மகள். அவள் சிரிப்பதால் நானும் சிரித்துவைக்கிறேன்.

இன்னும் எதையெல்லாம் நிறுத்தலாம் என்று நேற்று மனைவி எழுதினாள். மகளின் பாட்டு வகுப்பு, இன்டர்நெட், சமையலுக்கு ஆள். பாட்டு டீச்சர் கோபக்காரர், வாசலில் வைத்தே நாலு வார்த்தை கேட்டுவிடுவார். இன்டர்நெட்காரர்களிடம் மல்லுக்கட்டினால் அரை நாள் போய்விடும். முதலில் சமையல்காரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றது நான்தான்.

"நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்கு இது புதுசா என்ன?" என்றாள் மனைவி.

குத்திக்காட்டினாளா, சும்மா சொன்னாளா, தெரியவில்லை. இப்போது படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள்.

சமையல்காரம்மா உட்காரவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பலேர்ந்து சார் வேலைக்கு வராம நின்னுக்கணும்?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"யாரும்மா சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார். அவருக்கும் இப்படித்தான் மொதல்ல தண்ணி குடுத்தீங்களாம்."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. உங்க கம்பெனியில வேன் ஓட்டிக்கிட்டு இருந்தாரே."

ஞாபகம் வந்துவிட்டது. ஒல்லியான மனிதர், பேச்சுக் குறைவு. தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்ததும் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனவர்.

"மொத நாள் என்னை இங்க கொண்டாந்து விட்டதே அவருதான் சார். பால்கனியில உங்களைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. சாயங்காலம்தான் விஷயத்தைச் சொன்னாரு."

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"சொன்னா உங்களுக்குச் சங்கடமாப் போயி, என்னை வேணாம்னுடுவீங்களோன்னு பயம்."

ஒரு வருஷமாக அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்ட கை. உப்பு குறைவு, காரம் அதிகம் என்று நான் முகம் சுளித்த நாட்களும் உண்டு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளுங்கம்மா."

"டிரைவருங்க ரெண்டு பேரு இருந்தாங்களே, ஏன் இவரை மட்டும்? ஒரு நாள் வேன் பஞ்சராகி எல்லாரும் லேட்டா வந்தாங்களாம். அதனாலதான் வேலை போச்சுன்னு இன்னி வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கிறாரு. அதுதானா சார்?"

"இல்லம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. கம்பெனி நிலைமை அப்படி."

பத்தொன்பது பேரிடமும் சொன்ன அதே வாக்கியம். எழுதி வைத்து மனப்பாடம் செய்தது. ஆனால் அதைக் கேட்டதும் சமையல்காரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

"நீங்க உங்க வாயாலயே சொன்னீங்கன்னு சொல்றேன் சார். அவருக்கு அது போதும்."

சம்பள உறையை நீட்டினேன். பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். "இன்னியோட போதும்மா, நீங்க கிளம்புங்க" என்றேன். கேட்கவில்லை. பீன்ஸை நறுக்கி முடித்தார். சமைத்தார். அடுப்பைத் துடைத்தார். கிளம்பும்போது, "பாப்பாவுக்குக் காரம் இல்லாமத் தனியா எடுத்து வெச்சிருக்கேன் சார், மாத்திப் போட்டுடாதீங்க" என்றார்.

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டபிறகுதான் மனைவி வெளியே வந்தாள்.

"என்ன சொன்னா? ஏதாவது பிரச்சினை பண்ணாளா?"

"இல்ல" என்றேன்.

மற்ற டிரைவராக இருந்தால் கத்தியிருப்பார். பத்துப் பேரைக் கூட்டிவந்து என் அறை வாசலில் நிறுத்தியிருப்பார். அதனால்தான் அன்றைக்குப் படிவத்தில் இவர் பெயரை டிக் செய்தேன். என்ன காரணம் என்று கேட்டிருந்த கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன்.

'இவர் பிரச்சினை செய்யமாட்டார்.'