பதினோராவது சீட்டு

"பிடுங்கிட்டியா? மறுபடியும் பிடுங்கிட்டியா?"

அவள் போட்ட சத்தத்தில் சோதனை அறையே திரும்பிப் பார்த்தது.

அவன் கையில் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில், நோயாளியின் விரலில் மாட்டுகிற கிளிப். மேஜைமேல் இருந்த மானிட்டர், நாடித் துடிப்பு எழுபத்திரண்டு என்று காட்டியபடியே உறைந்து நின்றது.

"ஹேங் ஆயிருச்சுக்கா," என்றான்.

ஆபீஸில் அவனுக்குப் பெயர் பிடுங்கி. யார் எதைச் செய்துகொடுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பான். அதற்குத்தான் சம்பளம். அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

அவள் எழுதுவது டிரைவர். வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கிளிப்புக்கும் திரைக்கும் நடுவில் நின்று எண்ணை வாங்கிக் கொடுக்கிற புரோகிராம். 'துடிப்பு எவ்வளவு?' என்று திரை வந்து கேட்கும். எண் தயாராக இல்லையென்றால், 'உட்காரு, வந்ததும் எழுப்பறேன்' என்று டிரைவர் அதைத் தூங்க வைக்கலாம். இல்லை, 'இன்னும் வரல, அப்புறம் வா' என்று உடனே அனுப்பிவிடலாம்.

முதலில் உட்கார வைக்கிற மாதிரிதான் எழுதினாள். பிடுங்கினான். கேபிள் இல்லாமல் எண் எங்கிருந்து வரும்? திரை தூங்கினது தூங்கினதுதான். அலாரம்கூட அடிக்கவில்லை.

சரியென்று, உடனே பதில் சொல்கிற மாதிரியும் எழுதினாள். அதிலும் பிடுங்கினான். கேபிளே போய்விட்டது என்று சொல்லத் தெரியாமல் டிரைவர் 'அப்புறம் வா, அப்புறம் வா' என்று விரட்ட, திரை ஓயாமல் வந்து கேட்டுக் கேட்டு மெஷினே கொதித்துப் போனது.

ஒவ்வொரு தடவையும் குறையை எழுதி அவள் மேஜையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவான். இது பதினோராவது.

"இப்ப என்னடா குறை?"

"எண் வந்துருக்கான்னு திரை பாக்குது. வரல. சரி, தூங்கலாம்னு போகுது. பாத்ததுக்கும் தூங்கினதுக்கும் நடுவுல நான் பிடுங்கினேன். 'கேபிள் போச்சு, எல்லாரும் எழுந்திரிங்க'ன்னு டிரைவர் கூப்பிடறப்ப இது இன்னும் தூங்கவே இல்ல. கூப்பிட்டு முடிச்சப்புறம் போய்ப் படுத்துக்கிச்சு. இனிமே அதை யார்க்கா எழுப்புறது?"

"கண்ணை மூடித் திறக்கற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குடா அது! கரெக்டா அதுல எவன் பிடுங்குவான்?"

"நானூறு தடவ பிடுங்கினேன், ஒரு தடவ மாட்டுச்சு. வார்டுல பேஷன்ட் புரண்டு படுத்தா கழண்டுரும்க்கா. அவரு என்ன நேரம் பாத்தா புரளுவாரு?"

அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பது வருஷம் வீட்டோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்து பிடித்த வேலை இது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு மேனேஜர் கம்ப்யூட்டரில் இருக்கிற சோதனைப் பதிவேட்டைத் திறப்பார். அவள் பேரில் ஐந்து குறைக்குமேல் ஏறியிருந்தால் நிரந்தரம் கிடையாது, வீட்டுக்குத்தான். அதில் எழுதுகிறவன் இவன். அவளால் அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது.

"பதினோரு சீட்டு ஒட்டிட்டே. ரெண்டு பிள்ளைங்கள ஒத்தையா வளர்க்கறேன். வேலை போச்சுன்னா அதுங்களுக்கு நீ வந்து பதில் சொல்வியா?"

"அதெல்லாம் போகாதுக்கா. இதைச் சரி பண்ணிக் குடுங்க."

"பெரிய ஜோசியர்! வந்துட்டாரு சொல்ல!"

சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்து அவன் முகத்துக்கு நேரே எறிந்தாள். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டான். அது வேறு அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

இரண்டு நாள் கீபோர்டைக் குத்து குத்தென்று குத்தி, பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவே யாரும் நுழைய முடியாதபடி பூட்டுப் போட்டாள். அவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடுங்கினான். எப்போது பிடுங்கினாலும் திரை உடனே விழித்துக்கொண்டு அலாரம் அடித்தது.

"பாஸ் ஆயிருச்சுக்கா!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, பதிவேட்டைத் திறப்பதற்கு முன் முந்திக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், அந்தப் பையன் எழுதியிருக்கறது அத்தனையும் பொய். என் டிரைவர்ல ஒரு குறையும் இல்ல. அவனுக்கு ஒரு கேபிளை ஒழுங்கா சொருகத் தெரியாது. அவன் தப்பையெல்லாம் என் தலையில கட்டறான். ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

சொல்லும்போதே பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆத்திரத்தில் நாக்கு நிற்கவில்லை.

மேனேஜர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்தது. அவள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அநியாயமா இருக்கேம்மா! பதினோரு தடவை! இவன் வேலை பாக்க வர்றானா, விளையாட வர்றானா? திங்கட்கிழமையிலேர்ந்து இந்த ஆள் வேண்டாம். உங்க பேர்ல ஒரு குறைகூட இல்ல. நிரந்தர ஆர்டரை வாங்கிட்டுப் போங்க."

"ஒரு குறைகூட... இல்லையா சார்?"

"நீங்க சொன்னதைத்தான் அவனும் எழுதி வச்சிருக்கான். இந்தாங்க, நீங்களே பாருங்க."

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

பதினோரு தேதிகள். பதினொன்றுக்கும் எதிரே ஒரே வரிதான் இருந்தது: 'டிரைவரில் குறை இல்லை. கேபிளை நான் சரியாகச் சொருகவில்லை.'