அந்தப் பக்கத்து மெத்தை

"அஞ்சு மணிக்கு எல்லை கேட்டை மூடிருவாங்க. சீக்கிரம் சொல்லுங்கண்ணே, இது உங்க நாட்டு மெத்தைதானே?"

எல்லை தாண்டி வந்த அந்த அம்மாள் இப்படிக் கேட்டதும் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சந்தேகமா இருந்தா விடுங்கம்மா. இந்த வரிசையில பதினாலு கடை இருக்கு."

"கோவிச்சுக்காதீங்க. எம் பொண்ணு வாழ்க்கையே இதுல இருக்கு."

அவள் மெத்தையின் நான்கு மூலைகளையும் அமுக்கிப் பார்த்தாள். பின்னால் அவள் கணவர் கயிறும் கையுமாக நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் சேர்த்து அவள்தான் பேசி வருகிறாள்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போறா. சம்பந்தி வேற எதுவுமே கேக்கல. உள்ளூர் மெத்தை மட்டும் வேணாம், அதுல படுத்தா எம் பையனுக்கு முதுகு பிடிச்சுக்கும்னாரு. அந்தப் பக்கம் போயி, இந்தக் கடையிலதான் வாங்கணும்னு அடையாளம் வேற சொல்லி அனுப்பினாரு. இதுல ஒரு குறை வந்துச்சுன்னா, எம் பொண்ணு காலம் பூரா குத்திக்காட்டுறதைக் கேக்கணும்."

"விவரமான மனுஷன் போல."

"ஏற்றுமதி பண்றவரு. எது நல்ல சரக்குன்னு அவருக்குத் தெரியாதா? எங்க பக்கத்துல தைக்கிறதெல்லாம் ஒரு மெத்தையா? ஆறே மாசத்துல நடுவுல குழி. பூனைகூடப் படுக்காது."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க கயித்தைப் பிடிங்க" என்றவள், கடைக்காரரிடம் குழைந்தாள். "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே."

"வெளிநாட்டுச் சரக்குல பேரம் கிடையாதும்மா."

எல்லையில் மணி அடித்தது. அதற்குமேல் அவளால் வாதாட முடியவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, மெத்தையைக் கணவர் தலையில் ஏற்றினாள். மெத்தைக்குக் கால் முளைத்ததுபோல அது கேட்டைப் பார்த்து ஓடியது. பின்னாலேயே அவளும் ஓடினாள்.

மற்ற பதின்மூன்று கடைக்காரர்களும் வாசலில் நின்று, இவனிடம் மட்டும் அப்படி என்னதான் இருக்கிறது என்று வயிறெரிந்தார்கள்.

கடைக்காரர் உள்ளே போய் போன் போட்டார்.

"அண்ணே, இருந்த ஒண்ணும் போயிருச்சு. நாளைக்கு ஆறு தச்சு அனுப்புங்க. நீங்க அங்கயே தச்சு அங்கயே வித்தப்ப ஈ காக்கா எட்டிப் பாக்கல. இங்க கொண்டாந்து வெச்சதும் உங்க ஊரே எல்லை தாண்டி வந்து வாங்கிட்டுப் போகுது."

"இப்ப வாங்கினது யாரு? கூட வாயே திறக்காத மனுஷன் ஒருத்தர் வந்தாரா?"

"ஆமாண்ணே. தெரிஞ்சவங்களா?"

மறுமுனையில் மெத்தைப் பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க சம்பந்திதான்ப்பா. பாவம்னு நெனச்சு விலையைக் கிலையைக் குறைச்சிடலையே?"