கேள்விக்கு ஒரு புருவம்

நகைக்கடையில் விற்பனைப் பெண்கள் எல்லோருக்கும் முகத்தில் ஊசி போட்டார்கள். போடாதவர்களுக்கு வேலை இல்லை. "இனி சுருக்கமே விழாது. சாவுத வரைக்கும் இந்தச் சிரிச்ச முகம்தாம்மா," என்றார் மேலாளர்.

ரெஜினாவும் போட்டுக்கொண்டாள். அவள் மகள் பெனிட்டாவுக்குக் காது கேட்காது. வீட்டில் சைகைதான் பேச்சு. புருவத்தை உயர்த்தினால் கேள்வி. உயர்த்தாவிட்டால் வெறும் சொல்.

அன்று மாலை பெனிட்டா பக்கத்து வீட்டு மேரியக்காவின் மடியை விட்டு இறங்கவில்லை. "அம்மா வேண்டாமா?" என்று ரெஜினா செல்லமாகக் கை அசைத்தாள். ஊசி போட்ட நெற்றியில் புருவம் எழவில்லை. கையில் நின்றது 'அம்மா வேண்டாம்' மட்டும்.

பெனிட்டா அந்தச் சிரித்த முகத்தையே பார்த்தாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை அவள். 'சரி' என்று தலையாட்டிவிட்டு, மேரியக்காவின் தோளில் முகம் புதைத்து விம்மினாள்.

"பிள்ள இந்த அழுக அழுவுது, நீ என்னட்டி சிரிச்சிட்டு நிக்க?" என்றாள் மேரியக்கா.