துணைக்கு ஓர் ஆள்

தம்பி கழிவறைக்குப் போனபோது, கதவுக்கு வெளியே அண்ணன் காவல் நின்றார். தம்பியின் சட்டை, செருப்பு, போன் எல்லாமே அண்ணன் கையில். இதைப் பாசம் என்று நம்ப நர்ஸுக்கு மனம் வரவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவர்கள். ஜன்னல் கண்ணாடி கிழித்து, தம்பியின் ஆள்காட்டி விரலில் ரத்தக்குழாய் அறுந்திருந்தது. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் டாக்டர் தைத்து முடித்துவிட்டார். சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். ஆனால் ராத்திரி விரலைக் கவனிக்கத் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

"கண்ணாடி எப்படிக் கிழிச்சுது?" என்று தம்பியைக் கேட்டாள் நர்ஸ்.

"துடைக்கும்போது உடைஞ்சிடுச்சு" என்றார் அண்ணன்.

"ஆபரேஷன் விரல்லதான் பண்ணோம், வாய்ல இல்ல. அவர் சொல்லட்டும்."

தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். "துடைக்கும்போதுதான்."

டாக்டர் வந்து விரலைப் பார்த்தார். "நகத்தை அழுத்தினா வெளுக்கும், விட்டா சிவக்கணும். சிவக்கலைன்னா உடனே ஓடி வாங்க. அசட்டையா இருந்தா விரலே போயிடும்."

"விரல் பழையபடி வேலை செய்யுமா டாக்டர்?" அண்ணன் கேட்டார்.

"எல்லா வேலையும் செய்யும்."

"எல்லாம் வேணாம்" என்று அண்ணன் முணுமுணுத்தது நர்ஸ் காதில் விழுந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. தம்பி விரல் தேறக் கூடாது என்று நினைக்கும் அண்ணனா? சொத்துத் தகராறோ? ராத்திரி விரல் நீலம் பாய்ந்தால் இந்த மனுஷன் கண்டும் காணாமல் இருந்துவிட்டால்?

"கையை நெஞ்சுக்கு மேலயே தூக்கி வச்சிருக்கணும். கைப்பிடியைப் பிடிச்சுப் படி ஏறக் கூடாது. உங்க வீட்டுக்கு லிஃப்ட் இருக்கா?" என்று தம்பியைக் கேட்டாள்.

தம்பி திருதிருவென்று விழித்தான்.

"இருக்கு" என்றார் அண்ணன்.

சொந்த வீட்டு லிஃப்டே மறந்துபோகும் அளவுக்குப் பையனை மிரட்டி வைத்திருக்கிறாரே! நர்ஸ் மருந்துச் சீட்டை அவரிடம் நீட்டினாள். "கீழ கடையில வாங்கிட்டு வாங்க."

"இவனைத் தனியா விட்டுட்டா?"

"நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன். போங்க."

திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் நர்ஸ் திரையை இழுத்துவிட்டாள்.

"பயப்படாம சொல்லுப்பா. அவர் உன் கூடப் பிறந்தவர்தானா?"

தம்பியின் கண் கலங்கியது. "இல்ல சிஸ்டர். எனக்கு யாருமே இல்ல. துணைக்கு ஆள் இல்லாம அனுப்ப மாட்டோம்னு டாக்டர் சொன்னதும், நான்தான் இவன் அண்ணன்னு அவரே சொல்லிட்டார். ராத்திரி பூரா முழிச்சிருந்து நகத்தைப் பார்த்துக்கிறேன்னார்."

"யாரோ ஒருத்தர் எதுக்கு உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்? அந்த ஆள்தானே உன் விரலைக் கிழிச்சது? இரு, போலீஸைக் கூப்பிடுறேன்."

போனை எடுத்தவளின் கையை, நல்ல கையால் பதறிப் பிடித்தான் அவன்.

"வேண்டாம் சிஸ்டர், அவரே கூப்பிடல! நான் திருடப் புகுந்ததே அவர் வீட்டுலதான்."